வெற்றிக்குக் கடவுளுக்கு நன்றி சொல்வதில் தர்க்கம் உண்டா?

புதுக்கேள்வி · ஜூன் 3, இரவு 10:40

பரிசு வாங்க மேடையேறுகிற ஆள் ஒலிபெருக்கியைப் பிடித்ததும் சொல்வது, "எல்லாம் அவன் அருள்." ராப்பகலாக உழைத்தது இவர். சொல்லிக்கொடுத்தது ஒருவர், செலவைத் தாங்கியது இன்னொருவர். நன்றி மட்டும் நேரே மேலே போய்விடுகிறது. அதே போட்டியில் தோற்றவர் யாரும் "என்னைத் தோற்கடித்த இறைவனுக்கு" என்று பேச ஆரம்பிப்பதில்லை.

கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டை இங்கே வேண்டாம். உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வைத்தாலும் இந்த நன்றி தர்க்கப்படி நிற்குமா?

பழைய_ஏடு · ஜூன் 4, காலை 7:15

கடவுள் உண்டு என்று முதலிலேயே வைத்துக்கொண்டது நல்லது. பாதிச் சண்டை குறைந்தது.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். "நான் ஜெயித்தேன், கடவுளுக்கு நன்றி" என்றால் உள்ளே நான்கு கூற்றுகள் இருக்கின்றன.

அ) இந்த விளைவில் அவருக்குப் பங்கு உண்டு.
ஆ) அதை அவர் வேண்டுமென்றே செய்தார்.
இ) அது எனக்கு நன்மை.
ஈ) செய்யாமலும் இருந்திருக்கலாம். அவருக்கு அது கடமையில்லை.

மனிதருக்குச் சொல்லும் நன்றிக்கும் இதே நான்குதான். தெரியாத்தனமாக என் காலில் மிதித்து, அதனால் நான் பேருந்தைத் தவறவிட்டு, அந்தப் பேருந்து விபத்துக்குள்ளானால், மிதித்தவருக்கு நான் கடன்பட்டவன் அல்லன். ஆ இல்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறவருக்கு மரியாதைக்கு ஒரு நன்றி சொல்வோம், நெகிழ மாட்டோம். ஈ இல்லை. நன்மை என்பது கொடுத்த பொருளில் இல்லை, கொடுத்தவரின் மனத்தில் இருக்கிறது என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வாதிட்டிருக்கிறார்.

நம்பிக்கையுள்ளவருக்கு இந்த நான்கும் முரண்படவில்லை. தகராறு சத்தமில்லாமல் நுழையும் ஐந்தாவதில்.

உ) மற்றவருக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடுத்தார்.

கணக்குப்பிள்ளை · ஜூன் 4, காலை 9:50

அ-வையே அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. "பங்கு உண்டு" என்பது எப்படித் தெரிந்தது? ஜெயித்தவர் சொல்வதை வைத்துத்தானே?

பண்டைக் கிரேக்க நாத்திகர் டயகோரஸ் பற்றிய கதை இங்கே பொருந்தும். கப்பல் உடைந்தும் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டி, "தெய்வங்கள் காப்பாற்றுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" என்று நண்பர் கேட்டாராம். "மூழ்கியவர்களின் படங்கள் எங்கே?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதி வைத்தது. 1620-ல் ஆங்கிலேயத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கனும் இதே கதையை எடுத்தாண்டார்.

எண்ணில் வைத்துப் பாருங்கள். 1000 பேர் ஒரு தேர்வு எழுதுகிறார்கள், 800 பேர் வேண்டிக்கொண்டார்கள். தேறியவர்கள் 50 பேர். அந்த 50 பேரில் 40 பேர் "வேண்டினேன், கிடைத்தது" என்கிறார்கள். மேடையில் பார்த்தால் ஐந்துக்கு நான்கு பேர் சாட்சி சொல்கிறார்கள், அசந்துபோவோம். வேண்டியவர்களில் தேறியவர் 800-க்கு 40, அதாவது 5 சதவீதம். வேண்டாதவர்களில் 200-க்கு 10, அதுவும் 5 சதவீதம். சான்றின் எடை சுழியம்.

வேண்டியவர்கள் 6 சதவீதமும் மற்றவர்கள் 4 சதவீதமும் தேறியிருந்தாலும் உடனே குதிக்க முடியாது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து வேண்டுகிறவர் அதே ஒழுங்கோடு படிக்கவும் செய்வார். இரண்டையும் பிரிக்காத கணக்கு கணக்கே இல்லை.

சும்மா_ஒருத்தன் · ஜூன் 4, காலை 10:02

வேண்டாமலே தேறிய அந்த 10 பேர் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்று யாராவது விசாரித்தீர்களா?

பழைய_ஏடு · ஜூன் 4, பகல் 1:30

கணக்குப்பிள்ளைக்கு இரண்டு குறிப்பு.

ஒன்று, அந்தக் கப்பல் கதையைத் தத்துவஞானிகளின் வரலாறு எழுதிய டயோஜெனிஸ் லயேர்டியஸ், சினிக் பிரிவுத் தத்துவஞானியான இன்னொரு டயோஜெனிஸ் பேரில் சொல்லிவிட்டு, டயகோரஸ் சொன்னதாகவும் சொல்கிறார்கள் என்று சேர்க்கிறார். யார் சொன்னது என்று அடித்துச் சொல்ல முடியாது. வாதத்துக்குப் பழுதில்லை.

இரண்டாவது முக்கியம். நீங்கள் இடித்தது "என் வெற்றியே கடவுளின் செயலுக்குச் சான்று" என்ற வாதத்தை. நன்றி சொல்கிறவர் எல்லாரும் அந்த வாதத்தை வைப்பதில்லை. கடவுளின் பங்கை அவர் வேறு வழியில் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர். அந்த ஏற்பிலிருந்து நன்றி பிறக்கிறது, நன்றியிலிருந்து ஏற்பு பிறக்கவில்லை. ஆகவே 5 சதவீதமும் 5 சதவீதமும் அவரை அசைக்காது. "என்னைப் பாருங்கள், வேண்டினால் கிடைக்கும்" என்று மேடையில் சேர்க்கிறாரே, அந்தக் கணம் உங்கள் கணக்குக்குள் அவராகவே வந்து நிற்கிறார்.

கணக்குப்பிள்ளை · ஜூன் 4, மாலை 6:20

சரி, அந்தப் பிரிவு ஏற்கத்தக்கது. ஆனால் அந்தக் கூடுதல் வாக்கியம் இல்லாத மேடைப் பேச்சு அபூர்வம்.

அந்தக் கூற்றைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1872-ல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் ஆயுள் கணக்கு எடுத்தார். அரச குடும்பத்தாருக்காக நாடே பொதுவில் வேண்டுகிறது, அவர்கள் ஆயுளோ அவர் ஒப்பிட்ட வசதியான பிரிவுகளிலேயே குறைவு. மோசமான ஒப்பீடு. வாழ்க்கை முறை, நோய், உறவுக்குள் திருமணம் எதையும் அவர் பிரிக்கவில்லை.

ஒழுங்காக நடந்த சோதனை 2006-ல் வெளியானது. அமெரிக்காவில் 6 மருத்துவமனைகள், இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 நோயாளிகள், மூன்று குழு. வேண்டுதல் நடக்குமோ நடக்காதோ என்று சொல்லப்பட்டு, உண்மையில் நடந்த குழுவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல். அதே மாதிரிச் சொல்லப்பட்டு, நடக்காத குழுவில் 51. உங்களுக்காக நிச்சயம் வேண்டுகிறார்கள் என்று சொல்லப்பட்ட குழுவில் 59. "எனக்காக ஆள் வைத்து வேண்டும் அளவுக்கா என் நிலைமை?" என்று பயந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

குறையும் உண்டு. "வேண்டப்படாத" குழுவுக்காக அவர்கள் வீட்டார் வேண்டாமலா இருந்திருப்பார்கள்? அதை யாரும் தடுக்க முடியாது, அளக்கவும் முடியாது. முன்பின் தெரியாதவர் பெயரைச் சொல்லி வேண்டுவதற்குக் கூடுதல் பலன் இல்லை என்பது வரைக்கும்தான் இதிலிருந்து சொல்லலாம். கடவுள் மருந்துக் குப்பி இல்லை, சோதனைக்குள் அடங்கமாட்டார் என்று பதில் வரும். நல்லது. அடங்காதவரை வெற்றிக்குச் சான்றாகவும் காட்டக்கூடாது. இரண்டு பக்கமும் பூட்டவேண்டும்.

புதுக்கேள்வி · ஜூன் 5, காலை 8:05

உழைப்பு 90, அருள் 10 என்று பங்கு பிரித்துக்கொண்டால் பிரச்சினை தீராதா?

பழைய_ஏடு · ஜூன் 5, காலை 11:40

தீராது, கூடும்.

சதவீதம் பிரிக்கக் காரணங்கள் கூட்டலில் சேரவேண்டும். பாத்திரத்தில் நான் மூன்று குவளை ஊற்றினேன், நீங்கள் இரண்டு ஊற்றினீர்கள் என்றால் 60-க்கு 40 என்று சொல்லலாம். ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்துக்கு எத்தனை சதவீதம், அகலத்துக்கு எத்தனை? கேள்வியே தப்பு. ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம். உழைப்பு, உடல்நலம், வாய்ப்பு, சொல்லிக்கொடுத்தவர் எல்லாம் பெரும்பாலும் பெருக்கலில் சேருகிறவை.

இறையியல் பக்கமும் இதையே சொல்லியிருக்கிறார்கள். இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நிலைப்பாடு: ஒரே விளைவில் பாதி கடவுள், பாதி இயற்கை என்று இல்லை. முழுதும் இவராலும், முழுதும் அதனாலும், வேறு வேறு தளத்தில். கீதை 18:14 ஒரு செயலுக்கு ஐந்து காரணம் எண்ணுகிறது: இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாக தெய்வம்.

இந்தியத் தர்க்க மரபின் மூலநூலான நியாய சூத்திரம் நான்காம் அத்தியாயத்தில் (4.1.19 முதல் 21 வரை) நம் இழையின் விவாதம் அப்படியே இருக்கிறது. மனித முயற்சி பலனில்லாமல் போவதைப் பார்க்கிறோம், ஆகவே ஈசுவரனே காரணம் என்று ஒரு சூத்திரம். இல்லை, முயற்சி இல்லாமல் பலன் வருவதில்லையே என்று அடுத்தது. முயற்சியைப் பலிக்கச் செய்வது அவனே, ஆகவே அந்த மறுப்பு செல்லாது என்று மூன்றாவது. எது யார் கட்சி என்பதில் உரைகாரர்களுக்குள் வேறுபாடு உண்டு. கேள்வியின் வயது தெரிந்தால் போதும்.

சும்மா_ஒருத்தன் · ஜூன் 5, பகல் 12:10

ஐந்தில் ஒன்று என்றால் 20 சதவீதம். வரி பிடித்தம் உண்டா?

பழைய_ஏடு · ஜூன் 5, பகல் 12:15

பெருக்கல் என்று இப்போதுதானே சொன்னேன் ஐயா.

கணக்குப்பிள்ளை · ஜூன் 5, இரவு 9:30

"எல்லாம் என் உழைப்பு" என்கிறவரையும் சும்மா விடக்கூடாது. அந்தக் கூற்றும் கணக்கில் தேறாது.

ஒரு போட்டி, 1,00,000 பேர். திறமை 0 முதல் 100 வரை சீராகப் பரவியிருக்கிறது, அதிர்ஷ்டமும் அப்படியே. மொத்த மதிப்பெண்ணில் திறமைக்கு 98 சதவீதம், அதிர்ஷ்டத்துக்கு வெறும் 2. இங்கே சதவீதம் செல்லும், விதியை நாமே கூட்டலில் வைத்திருக்கிறோம். அப்படியானால் திறமைசாலிதானே ஜெயிக்கவேண்டும்?

திறமை 99.9-க்கு மேல் உள்ளவர்கள் சுமார் 100 பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் திறமையால் வரும் வித்தியாசம் 0.1 மதிப்பெண்கூட இல்லை. அதிர்ஷ்டத்தால் வரும் வித்தியாசமோ 2 மதிப்பெண் வரை போகும். எல்லாரிலும் திறமைசாலிக்கு அதிர்ஷ்டம் நடுத்தரமாக 50 என்றால் அவர் பெறுவது சுமார் 99. அந்த நூறு பேரில் அதிர்ஷ்டம் 55-க்கு மேல் உள்ள எவரும் அவரை முந்திவிடுவார்கள். சுமார் 45 பேர். கூட்டம் பெருகப் பெருக, ஜெயித்தவர் திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தவராகவே இருப்பார்.

திறமை இல்லாமல் அந்த நூறுக்குள் வரமுடியாது, உண்மை. நூறுக்குள் வந்தபின் யார் என்பது அவர் கையில் இல்லை. ஜெயித்ததும் தன்னைக் காரணமாகச் சொல்வதும் தோற்றதும் சூழ்நிலையைச் சொல்வதும் மனித சுபாவம். உளவியலில் 1970-களிலிருந்து விரிவாகப் பேசப்படுகிற விஷயம். ஆகவே "எனக்கு வெளியே இருந்து ஒன்று வந்து சேர்ந்தது" என்று ஜெயித்தவர் சொல்வது சரியான தகவல். அந்த ஒன்றுக்கு ஒரு மனமும் பெயரும் உண்டு என்பது வேறு தகவல்.

பழைய_ஏடு · ஜூன் 6, காலை 6:50

உழைப்பு என்றதும் எல்லாரும் குறள் 619-ஐ நீட்டுவார்கள்: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." அதே வள்ளுவர் 371-ல் என்ன சொல்கிறார்? "ஆகூழால் தோன்றும் அசைவின்மை." உழைப்பவனின் சோர்வின்மையே ஊழால் வருவது. கணக்குப்பிள்ளையின் 98 சதவீதத் திறமையும் இதற்குள் போய்விடும். விடாமல் முயலும் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "அதையும் நானே முயன்று சம்பாதித்தேன்" என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கமுடியாது.

ஐந்தாம் நூற்றாண்டில், நன்மை செய்யும் மனமும் அருளால்தான் என்ற அகஸ்டினும், மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகலாம் என்ற பெலேஜியஸும் கிறித்தவத்துக்குள் மோதியதும் இதில்தான். "நீ பெற்றுக்கொள்ளாதது எது?" என்று பைபிளில் பவுல் கேட்ட கேள்வியை அகஸ்டின் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டார். 418-ல் கார்த்தேஜ் சபை பெலேஜியஸ் கொள்கையைத் தள்ளியது.

இதெல்லாம் அ-வுக்குத்தான் பலம். உ இன்னும் அப்படியே கிடக்கிறது.

பழைய_ஏடு · ஜூன் 6, இரவு 10:20

உ-வைப் பார்ப்போம். ஒரு இடம், இரண்டு பேர், இருவரும் வேண்டினார்கள், ஒருவருக்குக் கிடைத்தது. ஏன் அவருக்கு? இரண்டே பதில்.

தகுதி பார்த்துக் கொடுத்தார் என்றால், கூலிதான் கொடுத்திருக்கிறார். கடமையில்லை என்ற ஈ போய்விட்டது. தகுதியே பார்க்காமல் கொடுத்தார் என்றால் பாரபட்சம். நல்லவர் என்ற அடைமொழி போய்விட்டது, நன்றி சொல்பவர் பாரபட்சத்தால் லாபம் அடைந்ததைக் கொண்டாடுகிறார்.

வேதாந்தத்தின் மூலநூலான பிரம்ம சூத்திரம் 2.1.34 நேராக இதை எடுத்துக்கொள்கிறது. ஈசுவரனுக்குப் பாரபட்சமும் இல்லை, கொடுமையும் இல்லை, ஏனென்றால் அவன் உயிர்களின் வினையைப் பார்த்தே செய்கிறான். சங்கரர் உரையில் மழையைக் காட்டுகிறார். மழை எல்லா விதைக்கும் பொது. நெல்லாவதும் வாற்கோதுமையாவதும் விதையின் சக்தி.

பாரபட்சக் குற்றச்சாட்டு போயிற்று. ஆனால் விலை என்ன பாருங்கள். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க விதை பக்கம் போய்விட்டது. மழைக்கு நன்றி சொல்லலாம், நெல்லாக இருப்பதற்கு மழைக்கு நன்றி சொல்ல இடமில்லை. "எனக்கு மட்டும்" என்பதற்கு நன்றி சொல்ல நினைத்தால் இந்த விடை உதவாது.

இஸ்லாமிய இறையியலாளர் கசாலி (இறப்பு 1111) வேறு வழி போனார். பஞ்சு எரிவது நெருப்பால் அல்ல, ஒவ்வொரு முறையும் இறைவனே எரிக்கிறான். அப்படியானால் வெற்றியும் அவன் செயல், தோல்வியும் அவன் செயல், மூச்சு விடுவதும் அவன் செயல். நன்றி முழுமையாகப் பொருந்தும். வெற்றிநாளுக்கென்று தனியாக ஒரு நன்றி மட்டும் அதில் பொருந்தாது. பைபிளில் வரும் யோபு இதில் கணக்காக இருந்தார். எல்லாம் போனபின்பு சொன்னார்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." அவருடைய நன்றியில் ஒரு முரணும் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பின்பற்ற எத்தனை பேர் தயார் என்பது தனி.

புதுக்கேள்வி · ஜூன் 7, காலை 7:30

"நமக்குத் தெரியாத காரணம் அவருக்கு இருக்கும்" என்று சொன்னால்?

கணக்குப்பிள்ளை · ஜூன் 7, காலை 8:10

சொல்லலாம். ஆனால் தெரியாத காரணம் என்றால், அது உங்கள் நன்மைக்கான காரணம் என்பதும் தெரியாது. சீக்கிரம் ஜெயித்துக் கெட்டுப்போகிறவர்கள் உண்டு. எனக்கு நன்மை என்ற இ சந்தேகத்துக்கு உள்ளாகிறது. தோல்விக்கு மட்டும் "தெரியாத காரணம்", வெற்றிக்குத் "தெளிவான அன்பு" என்று இரண்டு அளவுகோல் வைத்துக்கொள்வதுதான் எங்கும் நடக்கும் கோளாறு.

பழைய_ஏடு · ஜூன் 7, மாலை 5:45

பேசவோ எழுதவோ போகிறவர்களுக்குச் செய்முறையாகச் சில.

முதலில் ஆள் மாற்றிப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் உங்களோடு போட்டியிட்டவர் பெயரைப் போட்டு, அவர் பேசுவதாகப் படியுங்கள். "கடவுள் என் பக்கம் நின்றார்" என்று அவர் சொன்னால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கிறதா? உ உள்ளே இருக்கிறது. "முயலத் தெம்பு கொடுத்தார்" என்றால் சுருக்கென்று இராது, அவருக்கும் உங்களுக்கும் ஒருங்கே பொருந்தும்.

அடுத்தது, முடிவை மாற்றிப் பாருங்கள். தோற்றிருந்தால் இதில் எந்த வரியைச் சொல்லியிருப்பீர்கள்? ஒன்றும் தேறாவிட்டால் அது வெற்றியின் கொண்டாட்டம், கடவுளைப் பற்றிய கூற்று அதில் இல்லை. தப்பில்லை, அப்படியென்று தெரிந்து சொன்னால் சரி.

மூன்றாவதாக மனிதர்களின் பெயர். அக்வினாஸ் சொன்ன இரண்டு தளத்தில் ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கக்கூடாது. பத்து மணி நேரம் நின்று அறுவை செய்தவர் பக்கத்தில் இருக்க, நன்றி மொத்தமும் மேலே போனால் அது ஏற்றுக்கொண்ட கொள்கைக்கே முரண். பெயரோடு, செய்த வேலையோடு சொல்லவேண்டும். "உதவிய அனைவருக்கும்" என்பது யாருக்கும் போய்ச்சேராது.

ஒப்பீடு கூடவே கூடாது. பைபிளில் லூக்கா 18-ல் பரிசேயன் (சமயச் சட்டத்தில் கறாரான யூதப் பிரிவினன்) செய்வது நன்றி ஜெபம்தான். மற்ற மனுஷரைப் போல நான் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். நீதிமானாக வீடு திரும்பியது அவன் இல்லை.

சும்மா_ஒருத்தன் · ஜூன் 7, மாலை 6:00

இவ்வளவையும் சரிபார்த்து முடிப்பதற்குள் அடுத்த வருஷப் பரிசளிப்பு வந்துவிடும். அது போகட்டும், எல்லாம் உடையவருக்கு நம் நன்றி எதற்கு? வாங்கி என்ன செய்வார்?

பழைய_ஏடு · ஜூன் 7, இரவு 11:05

கிண்டல் என்றாலும் இழையின் நல்ல கேள்வி. மாணிக்கவாசகர் இதைக் கடவுளிடமே கேட்டுவிட்டார். உன்னைத் தந்தாய், என்னைக் கொண்டாய், நம்மில் யார் கெட்டிக்காரர்? "அந்தமொன் றில்லா ஆனந்தம் பெற்றேன், யாதுநீ பெற்றதொன் றென்பால்?" பதில் அங்கே இல்லை. ஒன்றுமில்லை என்பதுதான் பதில். குர்ஆன் 31:12 சொல்வதும் அதுவே: நன்றி செலுத்துபவர் தன் நன்மைக்கே செலுத்துகிறார். பெறுபவருக்கு லாபமில்லாததால் நன்றி அர்த்தமற்றதாகிவிடாது. இறந்துபோன ஆசிரியருக்கு நன்றி சொல்வதில் யாரும் தர்க்கப் பிழை கண்டதில்லை.

கணக்குப்பிள்ளை · ஜூன் 8, காலை 9:15

தன் நன்மை என்றதும் 2003-ல் உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கலோ வெளியிட்ட ஆய்வை யாராவது கொண்டுவருவார்கள், நானே கொண்டுவந்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை நன்றிக்குரியவை ஐந்து வரை எழுதியவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். யாருக்கு நன்றி என்று அதில் நிபந்தனை இல்லை. எழுதினால் நல்லது என்பதற்குச் சான்று. அ முதல் உ வரை எதற்கும் சான்றில்லை.

புதுக்கேள்வி · ஜூன் 8, இரவு 8:50

கடைசியாக ஒன்று. "இது கிடைத்தால் அதைச் செய்கிறேன்" என்று முன்கூட்டியே நேர்ந்துகொண்டு, கிடைத்தபின் செய்கிறார்களே, அது நன்றியா?

பழைய_ஏடு · ஜூன் 8, இரவு 9:40

அது ஒப்பந்தம். நீ இதைச் செய்தால் நான் அதைச் செய்வேன். அவர் தரப்பு முடிந்தது, உங்கள் தரப்பு பாக்கி. செய்யாவிட்டால் வாக்குத் தவறியவர் ஆவீர்கள், நன்றி கெட்டவர் என்பது வேறு குற்றம். அதற்கு மேலே விரும்பி ஏதாவது செய்தால் அந்த மேல்பகுதிதான் நன்றி.

வேதச் சடங்குகளையே ஆராயும் மீமாம்சகரிடம் போனால் இன்னும் கறார். சடங்கை முறைப்படி செய்தால் அபூர்வம் என்ற ஒரு சக்தி உண்டாகி அதுவே பலன் தரும். நடுவில் மனமிரங்கிக் கொடுக்க ஒரு கடவுள் தேவையில்லை. அந்தக் கணக்கில் நன்றி சொல்ல ஆளே கிடையாது, சடங்கைப் பிழையில்லாமல் நடத்திக்கொடுத்தவரைத் தவிர.

சும்மா_ஒருத்தன் · ஜூன் 8, இரவு 9:44

அவருக்குத்தான் தட்சிணை கொடுத்தாயிற்றே. ஈ இல்லை.